பள்ளிக்கூடமும் நாங்களும்
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில், திருத்தணி அரசினர் ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



கோவில் கட்டப்பட்ட கதையையும், இங்கே பணியாற்றிய குருக்களின் தியாகத்தையும் எமக்கு முன் பேசியோர் எடுத்துரைத்துவிட்டனர். எங்களுக்குத் தரப்பட்ட பொருள் வேறு. இப்பங்கிலிருந்து நம்மூர் அரசினர் ஆண்கள் பள்ளிக்குச் சென்று படித்தவர்கள் என்ற முறையில், ஒன்பது பேர் இம்மேடையில் நிற்கின்றோம். எங்களுள் மூத்தவர் 1960-இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர். மற்றவர்களுள் பலர் எழுபதுகளில் படித்தவர்கள். ஒருவர் வாயால் பேசினாலும், இது ஒன்பது பேரும் கூடி எழுதிய உரையே.

பங்கு விழாவில் அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காலைத் திருப்பலியில் பூசை உதவி செய்துவிட்டு, அதே ஈரத் தலையோடு ஓடிப்போய் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஆலயம் பாதி வளர்த்தது. அந்தப் பள்ளிக்கூடம் பாதி வளர்த்தது. யூபிலி என்பது பெற்ற நன்மைகளை எண்ணிப் பார்க்கும் காலம் மட்டுமன்று. விவிலியத்தின்படி அது கடன் தீர்க்கும் காலமும் ஆகும். எங்களுக்கும் ஒரு கடன் உண்டு. அதை இறுதியில் சொல்கின்றோம்.

நம் ஊர் முருகனின் ஊர். 365 படிகள் ஏறினால் மலைக்கோவில். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பர். ஆடிக் கிருத்திகை வந்தால் தெருவெல்லாம் காவடியும் மஞ்சள் ஆடையும் அரோகரா முழக்கமுமாக இருக்கும். டிசம்பர் 31-ஆம் நாள் இரவில் படித் திருவிழா. நாங்கள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வெளியே வருவோம். எங்கள் வகுப்புத் தோழர்கள் படிப்பாட்டுப் பாடி மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் இரு வீட்டுப் பலகாரமும் ஒரே இலையில் சேர்ந்துவிடும். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாகக் கூறுவர். சினம் தணிந்த ஊரில் வளர்ந்ததால்தானோ என்னவோ, சமயத்தின் பேரால் எங்களை ஒரு தோழனும் ஒதுக்கியதாக எங்களுள் எவருக்கும் நினைவில்லை.

மொழியின் பேரால் மட்டும் இவ்வூர் ஒரு காலத்தில் கொதித்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணி அதில் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு நம் ஊரும் அங்கே போயிற்று. வடக்கெல்லையைக் காக்க ம.பொ. சிவஞானம் அவர்களும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும் போராடினர். அவர்களுக்கு முன்னரே ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்து மக்களைத் தட்டியெழுப்பியவர் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர். அவர் 1953-இலேயே மறைந்தார்; தம் உழைப்பின் பலனைக் கண்ணால் காணவில்லை. படாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

எங்களுள் மூத்தவர் அந்நாளை இப்படிச் சொல்வார்: "பெரியவங்க எல்லாம் மிட்டாய் குடுத்தாங்க. நாங்க வாங்கித் தின்னோம். அப்புறம் பக்கத்துல உட்கார்ந்திருந்த பையன் மூஞ்சியப் பார்த்தா, அவன் கையில வச்சுக்கிட்டே இருக்கான். அவங்க வீட்ல தெலுங்கு." அந்தப் பையன் மிட்டாயை உண்டானா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவனே கோலிக்குண்டு விளையாட்டில் இவரைத் தோற்கடித்தான் என்பது நன்றாக நினைவிருக்கின்றது. பெரியவர்களுக்கு எல்லை வரைபடத்தில் இருந்தது. எங்களுக்கோ ஒரே பெஞ்சில் "ஏமிரா" என்று அவன் கேட்க, "இன்னாடா" என்று நாங்கள் கேட்க, பதில் இரண்டு மொழியிலும் கலந்து வரும். இன்றும் நகரியிலும் புத்தூரிலும் எங்களுக்கு வாணிபம் நடப்பது அந்தப் பெஞ்சில் கற்ற தெலுங்கால்தான்.

பள்ளியின் அன்றாட வாழ்வையும் சற்று நினைவுகூர வேண்டும். காலை மணி அடித்ததும் வரிசை, இறைவணக்கம், செய்தி வாசிப்பு. மூத்தவர்கள் காலத்தில் தக்ளியில் நூல் நூற்கும் வகுப்பு இருந்தது. பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய நெசவு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. எங்கள் நூல் மட்டும் நாலு முழத்துக்கு நாற்பது முறை அறும். தொலைவிலிருந்து வந்தவர்கள் தூக்குவாளியில் பழையசோறு கொண்டுவருவார்கள். கொண்டுவராதவர்கள் மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சாப்பிட்டு வந்தவர்களைப்போல் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு இல்லாத காலம் அது. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் அதை விரிவாக்கியபோது, அதன் அருமையை எங்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

எங்கள் தமிழய்யாவைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவு பெறாது. நெற்றி நிறையத் திருநீறு; வாய் நிறையத் திருப்புகழ். கிருத்திகைதோறும் மலை ஏறாமல் காப்பி குடிக்க மாட்டார். அத்தகையவர் தேம்பாவணிப் பாடம் நடத்தும் நாளில், கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய எங்களை எழுப்பி முன்வரிசையில் உட்கார வைப்பார். "இது உங்க வீட்டுச் சொத்துடா. பூட்டி வச்சிருக்கீங்க. நான் திறந்து காட்டறேன், பாருங்க" என்பார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் புனித சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கிய அருமையை அவரிடம்தான் முதன்முதலில் கேட்டோம். அரசனைப் பாடாமல், கையில் உளி பிடித்த ஒரு தச்சரைக் காப்பியத்துக்கு நாயகனாக்கிய துணிவை அவர் வியந்து வியந்து பேசுவார். "வேலை செய்யறவன் கையைக் கேவலமாப் பார்க்காதீங்க. அந்தக் கைக்கு ஒரு காப்பியமே இருக்குது" என்பார். அன்று தலையாட்டினோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இனி, நம் ஊரின் பெருமகன் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள். 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த அவர், திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்று, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசு கல்லூரியிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். வசதியான குடும்பம் அன்று. உதவித்தொகையே அவரைப் படிக்க வைத்தது. 1962-இல் குடியரசுத் தலைவரானார். தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம் அதனை ஆசிரியர்களுக்குரிய நாளாகக் கொண்டாடச் சொன்னார். அவ்வாண்டு முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாயிற்று. 1975 ஏப்ரல் 17-இல் அவர் மறைந்தபோது எங்களிற் பலர் எட்டாம் வகுப்பில் இருந்தோம். ஊரே துக்கம் கொண்டாடியது. இன்று நம் ஆண்கள் மேல்நிலைப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் வாழ்வில் நடந்த ஒரு சிறு செய்தியை மட்டும் நினைவில் கொள்ளுமாறு உங்களை வேண்டுகின்றோம். கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்ற நிலையில், அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகங்கள் இனாமாகக் கிடைத்தன. ஆகவே தத்துவமே பாடமாயிற்று. உலகமே போற்றிய தத்துவ அறிஞர் ஒருவர் உருவாவதற்கு, யாரோ ஒருவர் தம் பழைய புத்தகங்களைக் கொடுத்தது ஒரு காரணமாயிற்று. கொடுத்தவர் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்.

கொடுப்பது சிறிதாயினும் விளைவு பெரிதாகலாம். அவ்வாறே, கொடாமல் விட்டதும் சிறிதாயினும் விளைவு பெரிதாகலாம். எங்கள் கடன் இந்த இரண்டாவது வகை.

எங்கள் வகுப்பில், இப்பங்கைச் சேர்ந்த தோழர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை, அதனால் சொல்லவில்லை. தந்தை கூலி வேலை. ஊருக்கு வெளியே மூன்று கல் தொலைவில் குடிசை. கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வட்டிக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவார். பதினோராம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடியும் பழைய முறையின் கடைசி ஆண்டுகள் அவை. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது.

1977-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்து பிறப்புக் கீதபவனிக்கு இரவுதோறும் வீடு வீடாகச் சென்றோம். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமப்பது அவர் பொறுப்பு. பவனி முடிந்ததும் உண்டியலைக் கவிழ்த்துக் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவதும் அவர் பொறுப்பே. அதே வாரங்களில்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பள்ளிச் சம்பளம் இல்லாத காலந்தான்; ஆயினும் தேர்வுக் கட்டணம் உண்டு. நாங்கள் எல்லாரும் கட்டிவிட்டோம். அவர் கட்டவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

அந்த ஆண்டு உண்டியலில் சேர்ந்த பணத்தைக் கொண்டு குடிலுக்கு வண்ணத்தாளும் மின்விளக்குச் சரமும் வாங்கினோம். எஞ்சியதில் அரக்கோணம் சென்று சினிமா பார்த்து, பரோட்டா தின்று திரும்பினோம். அன்று அவர் எங்களோடு வரவில்லை. "அவனுக்கு எப்பவும் பிகு" என்று பேசிக்கொண்டோம். அவருடைய தேர்வுக் கட்டணம், அன்று நாங்கள் சினிமாவுக்கும் பரோட்டாவுக்கும் செலவிட்டதைவிடக் குறைவு. அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்ததும் அவரே.

பொங்கல் விடுமுறைக்குப் பின் அவர் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியர் கேட்டார். "வேலைக்குப் போயிட்டான் சார்" என்று ஒரே குரலில் சொல்லி உட்கார்ந்தோம். பக்கத்து ஊரில் ஒரு தறிக்கொட்டகையில் தார் சுற்றப் போயிருந்தார். ஞாயிறுதோறும் திருப்பலியில் பார்ப்போம், சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அவர் ஏன் நின்றார் என்று அவரிடம் கேட்க எங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அன்பார்ந்தவர்களே, எங்களுள் ஒருவர் பிழைப்புக்காக இங்கிலாந்து சென்று பல ஆண்டுகள் இருந்தவர். அந்நாட்டில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் நடைமுறையில் இருந்த முறையை அவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பதினோரு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு. தேறிய சிலருக்கு உயர்ந்த பள்ளி; தேறாத பலருக்கு 'செகண்டரி மாடர்ன்' என்ற வேறு பள்ளி. பதினோரு வயதிலேயே 'நீ இவ்வளவுதான்' என்று முத்திரை குத்துகிறார்களே என்று பெற்றோர் குமுறியதால், 1960-களின் நடுப்பகுதி முதல் அம்முறையைப் பெரும்பாலான இடங்களில் கைவிடலாயினர். அங்கே படித்த முதியவர்கள் இன்றும் தங்கள் பழைய பள்ளியை அன்போடு நினைக்கிறார்களாம். ஆயினும் அந்த ஒரு தேர்வின் வடு மட்டும் ஆறவில்லை என்பார்களாம்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு முதலில் பெருமையாக இருந்தது. நம் பள்ளியில் அப்படி ஒரு சல்லடை கிடையாது. தாசில்தார் மகனும் கூலிக்காரர் மகனும் ஒரே பெஞ்சு என்று மார்தட்டினோம். பிறகுதான் எங்கள் தோழர் நினைவுக்கு வந்தார். சல்லடை இங்கேயும் இருந்தது. அதைப் பள்ளி பிடிக்கவில்லை. வறுமை ஒரு பக்கம் பிடித்தது. மற்றொரு பக்கத்தை, கேளாமல் இருந்த நாங்கள் பிடித்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பினர் ஒன்றுகூடினோம். பந்தல், விருந்து, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை எல்லாம் குறைவில்லை. வாயில் அருகே ஒருவர் உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தோழர்தான். "உள்ள வாடா" என்று கையைப் பிடித்து இழுத்தோம். அவர் மெல்லச் சொன்னார்: "பழைய மாணவர் கூட்டம்னு போட்டிருக்கீங்க. நான் முடிக்காதவன்டா. என்னை எதுல சேப்பீங்க?"

எங்களில் எவருக்கும் பதில் வரவில்லை. அன்றுதான், முதன்முறையாக, "ஏன்டா நின்னே?" என்று கேட்டோம். கட்டண விவரத்தை அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்ககிட்ட கேட்டிருக்கலாம். உண்டியலை நானே எண்ணிக் குடுத்துட்டு, நானே கேட்டா எப்படிடா நல்லாருக்கும்?" என்றார். தமிழய்யா சொன்ன தச்சரின் கை அன்று எங்கள் கண்முன் இருந்தது. நூலிழை அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள்.

அவர் வாழ்வு வீணாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. உழைத்துத் தறி வைத்தார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பேரன் இன்று அதே பள்ளியில் படிக்கின்றான். அவர் எங்களை மன்னித்துவிட்டார். ஆனால் மன்னிக்கப்பட்டுவிட்டதனால் கடன் தீர்ந்துவிடுமா? அது வேறு ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாக மாறுகின்றது.

இன்று காலம் எவ்வளவோ மாறியிருக்கின்றது. இலவசப் பாடநூல், மிதிவண்டி, பேருந்துச் சலுகை எல்லாம் வந்துவிட்டன. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவர்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் தொடங்கியது. நாங்கள் கனவிலும் காணாத வசதிகள் இவை. ஆயினும் பிள்ளைகள் இன்றும் இடையில் நிற்கின்றனர். தந்தை நோயில் விழுகின்றார். வீட்டில் கடன் ஏறுகின்றது. ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆள் பிடிக்க வருபவர் முன்பணம் நீட்டுகின்றார். அல்லது கணக்கில் ஒருமுறை தவறிய பையன் வெட்கத்தால் மறுமுறை எழுதப் போவதில்லை. திட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் "தம்பி, நீ ஏன் நாலு நாளா வரலை?" என்ற கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர்தாம் கேட்க வேண்டும். அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை; ஒரு காசும் செலவில்லை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களைப் பங்குமக்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இவ்வாண்டு முதல் கீதபவனியில் சேரும் காணிக்கையில் முதல் பகுதி, படிப்பு தடைப்படும் நிலையிலுள்ள பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். குடிலுக்கு வண்ணத்தாள் அதற்குப் பிறகுதான். மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலகன் அதற்காக வருந்த மாட்டார் என்று நம்புகின்றோம். எந்தச் சமயத்துப் பிள்ளை, வீட்டில் எம்மொழி என்று பார்க்கலாகாது. தேம்பாவணியை எங்களுக்குத் திறந்து காட்டியவர் பார்க்கவில்லையே!

இரண்டாவது, தேர்வு முடிந்ததும் பிள்ளைகளின் பாடநூல்களையும் வழிகாட்டி நூல்களையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் ஆலய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுகின்றோம். ஒரு மர அலமாரியை நாங்கள் வாங்கி வைத்திருக்கின்றோம். யார் கையில் எந்தப் புத்தகம் போய் என்ன ஆகுமென்று எவருக்குத் தெரியும்?

மூன்றாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் இரண்டு பெரியவர்கள் இதற்கெனப் பொறுப்பேற்க வேண்டும். எந்தப் பிள்ளையாவது ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லையெனில் அவ்வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும். கடிந்து கேட்கலாகாது; காப்பி குடித்துக்கொண்டே கேட்க வேண்டும். சொல்லக் கூசுபவர்கள் நம் நடுவே நிறைய உண்டு. அவர்களாக வந்து கேட்கட்டும் என்று இருந்தால், நாங்கள் காத்திருந்ததைப்போல முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேரிடும்.

இந்நிதிக்கு எங்கள் ஒன்பது பேரின் காணிக்கையை இன்று பங்குத்தந்தை அவர்கள் கையில் ஒப்படைக்கின்றோம். அதன் வரவு செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பை எங்கள் தோழரிடம் வேண்டினோம். முதலில் மறுத்தார், பிறகு இசைந்தார். எங்களுள் கணக்கில் முதல்வர் அவர்தாம் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. பழைய மாணவர் பட்டியலிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டோம். இடையில் நின்ற வேறு நால்வரையும் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கின்றோம். ஒருநாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அவர் எம் பள்ளியின் மாணவரே.

இவ்வாண்டுக் கீதபவனிக்கு இளைஞர்கள் எங்களையும் அழைத்திருக்கின்றார்கள். இப்போது பெட்ரோமாக்ஸ் இல்லை, மின்கல விளக்குதான். ஆயினும் எங்கள் தோழர் இம்முறை விளக்குச் சுமக்க மாட்டார். அதை நாங்கள் முறைவைத்துச் சுமப்பதென்று முடிவாகியிருக்கின்றது.

எங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியப் பெருமக்களை, உயிரோடிருப்போரையும் இறைவனடி சேர்ந்தோரையும், நன்றியோடு நினைக்கின்றோம். இப்பங்கும் இவ்வூரும் அப்பள்ளியும் இறையருளால் மேன்மேலும் தழைத்தோங்குக என்று வேண்டி, எங்கள் உரையை முடிக்கின்றோம்.